வெளியே வராத நெருப்பு

1

கார்டு புதுப்பிக்கப் போன இடத்தில், என் வீட்டுக்காரர் எப்படி இறந்தார் என்று கேட்டார்கள்.

நான் பிரான்சில் துலூஸ் என்கிற ஊரில் என் மகள் அமுதாவோடு இருக்கிறேன். இங்கே தங்கலாம் என்று அரசாங்கம் கொடுக்கிற அட்டையைச் சில வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கு பிரெஃபெக்த்யூர் என்று ஓர் ஆபீஸ். நம் பக்கத்துத் தாலுக்கா ஆபீஸ் மாதிரிதான். கூட்டமும் அப்படியே. சத்தம் மட்டும் இருக்காது. எனக்கு நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சம். போகும்போது வணக்கத்துக்குப் பொன்ழூர் சொல்லணும், வரும்போது நன்றிக்கு மெர்சி சொல்லணும் என்று அமுதா வழியெல்லாம் சொல்லித்தான் கூட்டிப் போனாள். நான் பயத்தில் போனவுடன் மெர்சி சொல்லிவிட்டேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் சிரிக்கவில்லை. நல்ல பெண்.

அவள் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். புதுச்சேரியில் எங்கள் நெட்டப்பாக்கம் கொம்யூன் பஞ்சாயத்தில் கொடுத்த இறப்புச் சான்றும், அதைப் பிரெஞ்சில் மாற்றி எழுதியதும் இருந்தன. அதைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டாள். அமுதா ஒரே வார்த்தையில் பதில் சொன்னாள். அந்தப் பெண் எழுதிக்கொண்டு, என்னைப் பார்த்து முகம் வாடி மெதுவாக என்னவோ சொன்னாள்.

வெளியே டிராமுக்கு நிற்கும்போது கேட்டேன்.

"இன்னாடி கேட்டா?"

"அப்பா எப்படி செத்தாருன்னு."

"நீ இன்னா சொன்ன?"

"விபத்துன்னு சொன்னேன். வேற இன்னா சொல்லுவாங்க?"

டிராம் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தோம். அவள் காதில் பாட்டுக் கேட்கும் மிஷினை மாட்டிக்கொண்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

விபத்து. எங்கள் ஊர் கரியமாணிக்கத்தில் அந்தச் சாவைப் பற்றிப் பேசிய யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அவர் அவசரப்பட்டுவிட்டார், அவர் தப்பு என்றுதான் சொன்னார்கள். இங்கே முகம் தெரியாத ஒரு பெண் விபத்து என்று எழுதி வைத்துக்கொண்டாள். அவர் இறந்த வருஷ நாளுக்கு அப்போது ஒரு வாரம்தான் இருந்தது. அதனாலோ என்னவோ, அந்த வார்த்தை வீடு வரைக்கும் என் கூடவே வந்தது.

2

அமுதாவுக்கு நெருப்பைப் பற்றிக் கணக்குப் போடுகிற வேலை.

ஊரில் இருந்து என் நாத்தனார் அஞ்சலை போன் செய்யும்போதெல்லாம் இதைக் கேட்பாள். "அமுதா அங்க இன்னா வேலைதான் அண்ணி பண்றா?"

"ஏரோப்ளேன் இன்ஜினுக்குள்ள நெருப்பு எரியுது இல்ல, அது எப்படி எரியும்னு கம்ப்யூட்டர்ல கணக்கு போடறா."

"நெருப்புல இன்னா அண்ணி கணக்கு? ஊதுனா எரியும், தண்ணி ஊத்துனா அணையும். இதுக்கா அவ்ளோ தூரம் போனா?"

எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. அவள் வேலை செய்யும் இடத்துக்கு ஒருமுறை கூட்டிப் போனாள். அடுப்பு, கொதிகலன் ஏதாவது இருக்கும் என்று நினைத்துப் போனேன். வரிசையாக மேசையும் கம்ப்யூட்டரும்தான் இருந்தன. ஒருவர் கையிலும் கரி இல்லை. எல்லார் திரையிலும் நெருப்பு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அதிலும் பாதி நீல நிறம்.

எங்கள் வீட்டிலும் நெருப்பு கிடையாது. அடுப்பு என்று ஒரு கறுப்புக் கண்ணாடி. அதன்மேல் பாத்திரம் வைத்தால் சுடும், எடுத்தால் ஆறிவிடும். சுடர் கண்ணில் படாது. வந்த புதிதில் அவர் படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினேன். கூரையில் ஒட்டியிருந்த ஒரு வெள்ளை வட்டம் புகை பட்டதும் காது கிழியக் கத்தியது. எதிர் வீட்டுக்காரர் பனியனோடு வெளியே ஓடி வந்தார். நான் தட்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்றேன். அதற்கப்புறம் அமுதா ஒரு பேட்டரி விளக்கு வாங்கி வந்து படத்துக்கு முன்னால் வைத்தாள். சுடர் மாதிரியே ஆடும். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் தெரிந்துவிடும், ஆடின ஆட்டத்தையே திரும்பத் திரும்ப ஆடுகிறது என்று.

காலையில் அவள் போய்விடுவாள். நான் பால்கனிக் கீரைக்குத் தண்ணீர் ஊற்றுவேன், சோறு வடிப்பேன், உட்கார்ந்திருப்பேன். சாயங்காலம் அவள் வந்து சாப்பிடும்போது, "இன்னைக்கு இன்னாடி நடந்துச்சு?" என்பேன். "ஒண்ணும் இல்லம்மா" என்பாள். அப்புறம் யாராவது போன் செய்வார்கள். பிரெஞ்சில் சிரித்துச் சிரித்து மணிக்கணக்காகப் பேசுவாள். என்னோடு பேச அவளிடம் தமிழ் குறைந்துபோய்விட்டது. தமிழில் எழுதிய எதையும் அவள் படித்து நான் பார்க்கவில்லை. அஞ்சலை வாட்ஸ்அப்பில் அனுப்புவதைக்கூட என்னிடம் நீட்டி, "நீயே படிச்சிக்கோ" என்பாள். கல்யாணம் வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அப்பாவைப் பற்றி அவள் பேசியதே இல்லை. வருஷ நாளன்று வேலை இருக்கிறது என்று சீக்கிரம் கிளம்பிவிடுவாள்.

அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். நம் ஊர்க்காரர்கள் போடுகிற மலருக்கு அங்கே இருக்கிற வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுதிக் கொடு என்று கேட்டார்கள். பனி, ரயில், கடைத்தெரு என்றுதான் எழுத உட்கார்ந்தேன். இதுதான் வந்தது.

3

அவர் திருபுவனையில் ஒரு கம்பெனியில் பாய்லர் பார்த்தார். உமி எரிக்கிற பாய்லர். காலையில் மொபெட்டில் போனால் சாயங்காலம் ஆறு மணிக்கு ஷிப்டு முடியும்.

வெயில் காலத்து உமி சொன்னபடி கேட்கும். ஐப்பசி கார்த்திகையில் நனைந்த உமி அப்படி இல்லை. சுடர் விடாமல் உள்ளுக்குள்ளேயே கனன்று புகையும். அந்தப் புகை வெளியே போக வழியில்லாமல் உள்ளே கட்டிக்கொண்டு நிற்கும். அப்போது கதவைச் சட்டென்று திறந்தால், வெளிக்காற்று உள்ளே போகிற வேகத்துக்குப் புகை மொத்தமும் பற்றிக்கொண்டு ஆள் மேல் பாயும். அதனால் பாய்லர் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கதவைக் கைப்பிடி அளவு மட்டும் திறப்பார்கள். திறந்துவிட்டுப் பக்கவாட்டில் ஒதுங்கி நிற்பார்கள். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற நேரம். உள்ளே இருப்பது அடங்கின பிறகுதான் முழுக்கத் திறப்பார்கள்.

இவருக்கு அது கையோடு ஒட்டிப்போன பழக்கம். வீட்டில் சோற்றுப் பானையின் தட்டைக்கூட அப்படித்தான் திறப்பார். ஓரத்தை லேசாகத் தூக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார். "சோறுதான் கீது, பூதம் ஒண்ணும் இல்ல, தொறங்க" என்று நான் கேலி செய்வேன். "உனக்கு இன்னாமே தெரியும், உள்ள இருக்கறது இன்னா நெனப்புல இருக்குதோ" என்பார்.

அன்றைக்கு மழை. ஷிப்டு மாற்றுகிறவர்கள் கடைசியாக ஒருமுறை கதவைத் திறந்து உமியைக் கிளறிவிட்டுத்தான் வருவார்கள். அவர் கிளறப் போயிருக்கிறார். கூட வேலை செய்கிற கோதண்டம் டீ வாங்க கம்பெனி கேட்டுக்குப் போயிருந்தார். பார்த்தவர் யாரும் இல்லை. கோதண்டம் திரும்பி வரும்போது கதவு முழுக்கத் திறந்து கிடந்தது. அவர் கதவுக்கு நேராக விழுந்து கிடந்தார்.

ஆஸ்பத்திரியில் இருந்த வரைக்கும் பேச்சு வரவில்லை.

காரியத்துக்கு வந்த கம்பெனி மேஸ்திரி பந்தலில் உட்கார்ந்து ஆண்களிடம் சொன்னார். "நல்ல மனுஷன்தான். இன்னா பண்றது, அவசரப்பட்டுட்டாரு. ஒரே இழுப்புல கதவைத் தொறந்துட்டாரு. கம்பெனி இன்னா பண்ணும்?"

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அதிலிருந்து அதுவே பேச்சாகிவிட்டது. பிள்ளைகள் ரோட்டில் ஓடினால்கூட, "மெதுவா போடா, பாய்லர்காரர் கணக்கா அவசரப்படாத" என்று பின்வீட்டுக்காரி சொல்லுவாள். அமுதா அப்போது பத்தாவது படித்தாள். அவள் காதிலும் விழுந்திருக்கும்.

4

வருஷ நாள் இந்தத் தடவை சனிக்கிழமை. வேலைக்குக் கிளம்ப அவளுக்கு வழியில்லை. வடை சுட்டேன், பாயசம் வைத்தேன். படத்துக்கு முன்னால் இலை போட்டேன். பேட்டரி விளக்கு ஆடிக்கொண்டிருந்தது. அவள் நின்று கும்பிட்டாள். சாப்பிட்டு முடித்ததும், இத்தனை வருஷமாகத் தொண்டையில் இருந்ததைக் கேட்டேன்.

"அமுதா, நெருப்பு கணக்கு போடறியே, அதுல உங்கப்பா நெருப்பைப் போட்டுப் பாக்க முடியுமா?"

இலையை மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"பாத்து?"

"அவர் நின்னு தொறந்தாரா, ஒரே இழுப்புல தொறந்தாரான்னு தெரிஞ்சுக்கணும். அவர் தப்பு இல்லன்னு ஒருத்தராவது சொல்ல மாட்டாங்களான்னு இருக்குது."

"அது அப்படி சொல்லாதும்மா."

"ஏன் சொல்லாது? அவ்ளோ பெரிய மிஷினு."

அவள் யோசித்து யோசித்துத் தமிழில் சொன்னாள். "கொந்தளிச்சு எரியற நெருப்பு ஒரு தடவை எரிஞ்ச மாதிரி இன்னொரு தடவை எரியாது. இந்த இடத்துல, இந்த நொடியில சுடர் இன்னா பண்ணும்னு யாராலயும் சொல்ல முடியாது. இப்படிப் பண்ண எவ்ளோ வாய்ப்பு, அப்படிப் பண்ண எவ்ளோ வாய்ப்புன்னுதான் சொல்ல முடியும். என் வேலையே அதுதான். திருபுவனையில ஷிப்டு வுடும்போது கேட்டுல கூட்டம் வரும் இல்ல? எந்த ஆளு எந்தப் பக்கம் திரும்புவான்னு தெரியாது. ஆனா ரோடு எவ்ளோ நேரம் அடைச்சிக்கும்னு டீக்கடைக்காரர் சொல்லிடுவாரு. அந்த மாதிரி."

"எனக்கு அந்தக் கூட்டத்துல ஒரு ஆளுதானேடி வேணும்."

அவள் எழுந்து போய்க் கை கழுவினாள். தண்ணீர் ரொம்ப நேரம் ஓடியது. திரும்பி வரும்போது கையில் லேப்டாப் இருந்தது. இலையை நகர்த்திவிட்டு மேசைமேல் வைத்தாள்.

"போட்டு வெச்சிருக்கேம்மா."

"இன்னாத்த?"

"அப்பாவோட பாய்லரை. ரொம்ப வருஷமா போடறேன். ஆபீஸ் மிஷின் சும்மா இருக்கும்போது அங்கயே கேட்டுக்கினு போடறேன். கதவு எவ்ளோ அகலம், உமி எவ்ளோ ஈரம், எல்லாம் கோதண்டம் மாமாவைத்தான் கேட்டேன். உன்கிட்ட சொல்ல வேணாம்னு சொல்லியிருந்தேன்."

வருஷ நாளைக்கு வீட்டில் நிற்காமல் ஓடுகிறாள், அப்பாவை மறந்துவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஓடிப் போய் அந்தக் கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

முதலில் ஒரு படத்தைக் காட்டினாள். கதவுக்கு உள்ளே நெருப்பு அசையாமல், சாமி விளக்கு மாதிரி, ஓரம் மழுங்கி அழகாக நின்றது.

"இவ்ளோ சாந்தமா இருக்குதே," என்றேன்.

"இது நிசம் இல்லம்மா. நூத்துக்கணக்கான தடவை எரிய வுட்டு, எல்லாத்தையும் ஒண்ணா கலந்து எடுத்த சராசரி. இந்த மாதிரி ஒரு நெருப்பு எந்த நொடியிலயும் எரிஞ்சதே கிடையாது."

அது எனக்கு உடனே புரிந்தது. அவரை நினைத்தால் என் மனசில் வருகிற முகமும் அப்படித்தான் இருக்கிறது. கோபம் இல்லாமல், சிரிப்பும் இல்லாமல், படத்தில் இருக்கிற மாதிரி. அப்படி ஒரு முகத்தோடு அவர் ஒரு நாளும் என் எதிரில் உட்கார்ந்ததில்லை.

பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினாள். கதவு கொஞ்சமாகத் திறக்கிறது, நிற்கிறது, பிறகு முழுக்கத் திறக்கிறது. நெருப்பு உள்ளேயே சுருண்டு அடங்குகிறது. இன்னொன்று. அதேபோலத்தான் திறக்கிறது, நிற்கிறது. ஆனால் நெருப்பு நாக்கை நீட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டது. நான் நாற்காலியோடு பின்னால் நகர்ந்துவிட்டேன்.

"இது நின்னு தொறந்ததுதானே?"

"நின்னு தொறந்ததுதான். பெரும்பாலும் வராது. ஆனா சிலதுல வருது. நிக்காம தொறந்தா நெறைய தடவை வருது. ஆனா அதுலயும் சிலதுல வர்றதே இல்ல."

"ஒரே பாய்லரு, ஒரே உமி. ஏன் அப்படி?"

"ஆரம்பத்துல ஒரு துளி மாறியிருக்கும். ஒரு மூலையில உமி கொஞ்சம் கூட நனைஞ்சிருக்கும். காத்து ஒரு மூச்சு முன்ன பின்ன வந்திருக்கும். அவ்ளோதான்."

"அப்போ உங்கப்பா?"

"தெரியலம்மா. நெருப்பு வெளிய வந்துச்சுன்னா, நிக்காம தொறந்திருக்கத்தான் வாய்ப்பு ஜாஸ்தின்னு கணக்கு சொல்லுது. நின்னும் வந்திருக்கலாம்னும் அதே கணக்குதான் சொல்லுது. எத்தினி தடவை போட்டாலும் இதுக்கு மேல போக மாட்டேங்குது."

திரையை மூடப் போனவள் மூடவில்லை. என்னைப் பார்க்காமல் பேசினாள்.

"அன்னைக்கு நான்தானேம்மா அப்பாவை சீக்கிரம் வரச் சொன்னேன். பரீட்சைக்கு போட்டோ ஒட்டணும், வில்லியனூர் போவணும், ஸ்டுடியோ மூடிடுவாங்க, சீக்கிரம் வாப்பான்னு. அதுக்காகத்தான் ஒரே இழுப்புல தொறந்தாரோன்னு..."

அந்தப் பரீட்சைச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. காரியம் முடிந்து எடுத்த போட்டோ. கண் இரண்டும் வீங்கியிருக்கும். ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்து, கல்யாணம் வேண்டாம் என்று, யாரோடும் ஒட்டாமல், ஒரு கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கிறாள் என் பெண். அவர் பெயருக்காக நான் கேட்டேன். அவள் உயிரே அதில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

 வாயில் வந்ததைச் சொன்னேன்.

"உங்கப்பாவா? சீக்கிரமா? தாலி கட்டவே நேரம் தப்பி வந்த ஆளுடி அவரு. மேளக்காரன் வாசிச்சு வாசிச்சு ஓஞ்சிபோய் டீ குடிக்கப் போயிட்டான். நீ சொல்லிட்டியாம், இவரு அவசரப்பட்டாராம். சோத்துப் பானையையே சாமி கும்புடறாப்பல தொறக்கற மனுஷன்."

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. நான் எழுந்து அவள் தலையை என் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"நிசமாவாம்மா? அன்னைக்கு உன்கிட்ட ஒண்ணும் சொல்லலையா அவரு?"

"ஒண்ணும் சொல்லல. எப்பவும்போல போனாரு."

5

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்.

அன்று காலையில் அவர் மொபெட்டை மிதித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். "இன்னிக்கு எப்படியாச்சும் சீக்கிரம் வந்துடறேன்மே. புள்ள மொத மொதல்ல ஒண்ணு கேட்டுக்குது. கெளப்பி வெச்சிரு." எப்போதும் தாமதமாக வருகிறவர், அன்றைக்குச் சீக்கிரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதை நான் அஞ்சலையிடம்கூடச் சொன்னதில்லை. மேஸ்திரி பந்தலில் பேசும்போது நான் வாய் திறக்காததற்குக் கூச்சம் மட்டும் காரணம் இல்லை. அவர் அவசரப்படவில்லை என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்றுதான் மிஷினிடம் கேட்கச் சொன்னேன். அமுதா தமிழ் படிப்பதில்லை என்கிற தைரியத்தில் இங்கே எழுதுகிறேன். அவளிடம் போனில் பேசுகிறவர்கள் யாரும் இதை அவள் காதில் போட வேண்டாம். அவள் கணக்கு என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். இந்த ஒன்று அதற்குள் போகக் கூடாது.

அன்றைக்கு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு லேப்டாப்பை மூடப் போனாள். நான் தடுத்தேன்.

"இரு. நிக்காம தொறந்தும் வெளிய வராதது சிலது கீதுன்னு சொன்ன இல்ல? அதைக் காட்டு."

"அதை எதுக்கும்மா?"

"காட்டேன்."

தேடி எடுத்துப் போட்டாள். கதவு ஒரே இழுப்பில் திறந்தது. உள்ளே புகை சுழன்றது. ஒரு மூலையில் பற்றிக்கொண்ட சுடர் கதவு வரைக்கும் ஓடி வந்தது. வாசலில் ஒரு நொடி நின்றது. பிறகு என்ன நினைத்ததோ, சுருண்டுகொண்டு உள்ளேயே போய்விட்டது. கதவு மூடியது.

"இன்னொரு தடவை போடு," என்றேன்.

அவள் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். மறுபடி கதவு திறந்தது. நெருப்பு வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போனது. கதவு மூடியது. இனி அவர் கையைத் துடைத்துக்கொண்டு, கோதண்டம் வாங்கி வருகிற டீயைக் குடித்துவிட்டு, மொபெட்டை எடுப்பார். மழை விட்டிருக்கும். வில்லியனூரில் ஸ்டுடியோ திறந்துதான் இருக்கும்.